பெட்டியில் வைக்காத கடிதம்

அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளின் சீருடைப் பைக்குள் கைக்குட்டையை வைக்கப் போனாள். கை உள்ளே போகவில்லை. பையின் வாய் நெடுக வெள்ளை நூலால் தைத்திருந்தது. நெருக்கமான, ஒரே அளவான கைத்தையல்.

அலமாரியைத் திறந்து பார்த்தாள். மாமாவின் சட்டைகள் ஏழு, கால்சட்டைகள் நான்கு, அவளுடைய மழைக்கோட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் காக்கி உடுப்பு, எல்லாவற்றிலும் பைகள் தைக்கப்பட்டிருந்தன. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் அப்போது அவர்கள் வீட்டு மாடியறையில் இருந்தேன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை.

"டெய்லர் தோத்தான் போ. ஸ்பேனர் வைக்கிற பையைக்கூட விடல மாமா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்லடா இது" என்றாள்.

மாமா பத்தொன்பது வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பட்டாளத்துக்காரராக நினைத்ததே இல்லை. துப்பாக்கி தூக்கிப் பார்த்ததில்லை. எல்லைக்குப் போனதில்லை. 'ஸ்டோர் மாதிரி ஒரு வேலை' என்பார். அதற்கு மேல் கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். என் அப்பா இருந்தவரைக்கும், "மாப்பிள்ளை பேனாவால சண்டை போடுற பட்டாளம்" என்று கேலி செய்வார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஓய்வு பெற்று வந்து ஒரு பெயின்ட் கம்பெனி கிடங்கில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தார். நாலு வருடம் அப்படியே ஓடியது. தூக்கம் குறைவு, பேச்சு குறைவு, பேருந்தில் யாராவது சட்டையில் உரசினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வருவார். சுபாவமே அப்படி என்று விட்டுவிட்டோம். பைகளைத் தைத்த பிறகு விட முடியவில்லை.

முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிக்கு அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் முன்னால்தான், கல்யாணமாகிப் பதினாறு வருடத்துக்குப் பிறகு, தன் புருஷன் என்ன வேலை பார்த்தார் என்று அவளுக்கே தெரிந்தது.

செத்துப்போன சிப்பாய்களின் உடைமைகளைப் பிரித்து, கழுவி, பட்டியல் போட்டு, பெட்டி கட்டி வீட்டுக்கு அனுப்பும் வேலை. மொத்தப் படைக்கும் அப்படி ஒரே ஒரு அறை. நீளமான மேசை, மேலே துத்தநாகத் தகடு, பக்கத்தில் குழாய், ரப்பர் கையுறை, பெயர்ச்சீட்டு கட்டும் நூல். உடுப்பு வந்ததும் முதல் வேலை பைகளைத் துழாவுவது. ஒவ்வொரு பையிலும் ஏதாவது இருக்குமாம். பஸ் டிக்கெட், பாதி தின்ற பிஸ்கட், லீவில் போகும்போது வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். ஒருத்தன் பையில் தாளில் மடித்து ஒரு குழந்தையின் பால்பல். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எழுதிக்கொள்ள வேண்டும். சுவரில் ஒரு விதி ஒட்டியிருக்குமாம்: குடும்பத்தாரின் துயரை அதிகப்படுத்தக்கூடிய எந்தப் பொருளையும் அனுப்பலாகாது. அப்படி எடுத்து வைப்பதை அன்றன்றே எரித்துவிட வேண்டும்.

"எத்தனை பேருடையது இருக்கும்?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"ரெண்டாயிரத்துக்கு மேல."

"எத்தனை ஞாபகம் இருக்கு?"

"எல்லாமே" என்றாராம் மாமா.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதோடு ஒரு சீட்டும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய உள்விளையாட்டுக் கூடம். செவ்வாயும் சனியும் ஜூடோ, வியாழக்கிழமை யோகா. உடம்பு அரண்டு போயிருக்கிறது, பேச்சால் மட்டும் அதைத் தேற்ற முடியாது, அதுவாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் விளக்கியிருக்கிறார்.

மாமா முடியாது என்றார். "அங்க வர்றவங்க எல்லாம் நிஜமாவே சண்டை போட்டவங்க. கூட இருந்தவன் சாகிறதைக் கண்ணால பார்த்தவங்க. நான் மேசையில உக்காந்து லிஸ்ட் எழுதினவன். என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போய் நிப்பேன்?"

"இப்ப வச்சிருக்கீங்களே, அதே மூஞ்சிதான்" என்றாள் அக்கா. "போங்க. இவன் கூட வருவான்."

இப்படித்தான் நான் உள்ளே இழுக்கப்பட்டேன்.

மாஸ்டர் என்றால் மீசை வைத்த ஆளாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஐம்பது தாண்டிய அம்மா ஒருவர், குட்டையாக, அகலமாக, கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாஸ்டர். கூடத்தில் பச்சை மெத்தைகள் இணைத்துப் போட்டிருந்தன. கதவு எப்போதும் திறந்தே இருக்கும், விளக்கு அணையாது, யார் பின்னாலும் யாரும் வந்து நிற்கக் கூடாது. முதல் நாளே மாஸ்டர் சொன்னது மூன்றுதான். "யார் எங்க இருந்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு இங்க யாரும் கேக்கக் கூடாது. பிடிச்சது வலிச்சா ரெண்டு தட்டு தட்டுங்க, எதிராளி அந்த நொடியே விட்டுடணும். மூணாவது, முதல் மாசம் முழுக்க விழத்தான் போறோம். வேற எதுவும் கிடையாது."

மொத்தம் ஏழு பேர் இருந்தார்கள். ஜோடி போட ஓர் ஆள் குறைந்தது. மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "தம்பி, சும்மாதானே இருக்கீங்க?" ஐந்து நிமிடத்தில் நான் அங்கியை மாட்டிக்கொண்டு நின்றேன். பத்தாவது நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என்னைத் தூக்கிப் போட்டது மாஸ்டர். என் தோளுக்கு இருப்பார்.

விழுவது மாமாவுக்குச் சுலபமாக வந்தது. பக்கவாட்டில் உருண்டு, கையால் மெத்தையை அறைந்து, தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். பிரச்சினை அடுத்த மாதம் ஆரம்பித்தது. ஜூடோவில் முதல் காரியமே எதிராளியின் அங்கியைப் பிடிப்பதுதான். வலக்கையால் கழுத்துப்பட்டை, இடக்கையால் சட்டைக்கை. மாமா கையை நீட்டுவார். துணி விரலில் பட்டதும் முகம் வெளிறிப் போகும். கை தானாகக் கீழே இறங்கி, எதிராளியின் இடுப்புப் பக்கம் எதையோ தேடும். உடனே இழுத்துக்கொள்வார். ஒரு நாள் வெளியே ஓடிப்போய்ச் செடியோரம் வாந்தி எடுத்தார். விரல் தேடியது பையை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஜூடோ அங்கியில் பை கிடையாது. இருந்தும் அவர் விரல்கள் தேடின.

மூன்று வாரம் இதே கதைதான். மற்றவர்கள் அவரோடு ஜோடி சேரத் தயங்கினார்கள். அப்போது அந்த ஏழு பேரில் ஒருவரான லாரிக்காரர் முன்வந்தார்.

லாரிக்காரர் என்று எல்லோரும் சொல்வோம். ராணுவத்திலும் லாரி, வெளியே வந்த பிறகும் லாரி. ஆள் ஆஜானுபாகு, குரல் ஹாரன் மாதிரி. ஆனால் தட்டு கீழே விழுந்தால்கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். அவர் மாமாவின் எதிரே வந்து நின்று, தன் கழுத்துப்பட்டையைத் தானே நீட்டினார்.

"பிடிங்கண்ணே. பழைய துணிதான். கிழிஞ்சா தைச்சுக்கலாம்."

மாமா அசையவில்லை.

"சரி, பிடிக்க வேணாம். சும்மா தொட்டுட்டுப் பேசுங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்க? மாப்பிள்ளை வேற கூட வந்திருக்கார், வீட்டுல அவருக்குத்தான் பெரிய தட்டோ?"

மாமா சிரித்தார். நான் அவர் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. சிரித்துக்கொண்டே இருக்கையில் அவர் விரல்கள் அந்தப் பட்டையில் இருந்தன. பத்து எண்ணும்வரை இருந்திருக்கும். "போதும், இன்னிக்குக் கணக்கு முடிஞ்சது" என்று லாரிக்காரரே விலகிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் இருபது. அப்புறம் ஒரு நிமிடம். மூன்றாம் மாதம் மாமா லாரிக்காரரைத் தூக்கிப் போட்டார். அவ்வளவு பெரிய ஆள் மெத்தையில் விழுந்து, "அண்ணே, சத்தம் கேட்டுச்சா? வீடு இடிஞ்ச மாதிரி!" என்று படுத்தபடியே கத்தினார். மாஸ்டர்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தூரத்தில் எது விழுந்தாலும் அரளுகிற மனிதர், தானே விழுந்த சத்தத்துக்கு அரளவில்லை.

வியாழக்கிழமை யோகா கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. சொல்லித் தந்தவர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இளைஞர், ஒட்டகம் மாதிரி உயரம். நகர்வதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். "இப்ப ஜன்னல் பக்கம் போறேன்" என்பார், போவார். கண்ணை மூடச் சொல்ல மாட்டார். கடைசியில் மல்லாந்து படுக்கும் பகுதிக்கு அவர் வேண்டுமென்றே வெறும் 'ஓய்வு' என்று பெயர் வைத்திருந்தார். எங்களில் ஒருவர், "இதுக்கு வேற பேர் இருக்கே, சவ..." என்று ஆரம்பித்தார். லாரிக்காரர் அவர் தொடையில் ஒரு தட்டு தட்டி நிறுத்தினார். மாமாவால் மல்லாந்து படுக்க முடியாது. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். அதுவும் ஓய்வுதான், எப்படி வேண்டுமானாலும் படுங்கள் என்பார் ஒட்டகம். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் மல்லாந்து நாலு மூச்சு இருந்தார். என் பழைய வேனில் திரும்பி வரும்போது, "நாலு" என்று மட்டும் சொன்னார். அக்காவிடம் நான் போய்ச் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ஏழாம் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பயிற்சிக்கு நடுவே டீ குடிப்பது வழக்கம். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். யாரோ செய்தித்தாளில் ஏதோ நினைவுத்தூண் திறப்பைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். லாரிக்காரர் டம்ளரை உருட்டிக்கொண்டே, "தூண் எல்லாம் நல்லாத்தான் கட்டுவானுங்க" என்றார். அவர் குரலில் வழக்கமான ஹாரன் இல்லை.

"என் தம்பியும் இதுலதான் போனான். இருபத்திரண்டு வயசு. நான்தான் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிட்டேன். வீட்டுல சும்மா கிடக்கானேன்னு. பதினோரு வருஷம் ஆச்சு."

கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் சொல்பவரைத் தடுக்க விதி இல்லை.

"அவன் செத்தது ஒண்ணு. அந்தப் பெட்டி வந்துச்சே, அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் தாங்க முடியல. ஒரு வாட்ச், ரெண்டு சட்டை, ஒரு சீப்பு, பாதி கரைஞ்ச சோப்பு. சோப்பைக்கூடத் துடைச்சு அனுப்பியிருந்தானுங்க. ஆனா ஒரு காகிதம் இல்ல. வாரம் தவறாம எனக்குக் கடிதாசி போடுறவன் அவன். கடைசி ரெண்டு மாசம் எதுவும் வரல. எழுதி, அனுப்பாம வச்சிருப்பான், பெட்டியில இருக்கும்னு நினைச்சேன். பெட்டியோட அடித்தட்டைக்கூடப் பேத்துப் பார்த்தேன். எவனோ எடுத்துட்டான். அந்த ஆபீஸ்ல உக்காந்திருந்த எவனோ ஒரு திருட்டுப்பய."

நான் மாமாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. குரல்தான் கேட்டது.

"சீப்புல பிடி உடைஞ்சிருக்குமா? சிவப்பு நூல் சுத்தி?"

லாரிக்காரரின் டம்ளர் நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பெட்டியை நான்தான் கட்டினேன்."

லாரிக்காரர் முழுசாக மாமா பக்கம் திரும்பினார்.

"கடிதாசி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடு மாமா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு சொல். யாருக்கும் நஷ்டமில்லை.

"இருந்துச்சு" என்றார். "சட்டைப் பையில. எரிச்சுட்டேன்."

"படிச்சீங்களா?"

"படிக்காம எரிக்கக் கூடாது."

"என்ன எழுதியிருந்தான்?"

மாமா சுவரில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினார். தாளைக் கையில் வைத்துப் படிப்பவர் மாதிரி, எங்கேயும் தடுக்காமல் சொன்னார்.

"அண்ணே, நீ சொன்னதுக்காகத்தான் சேர்ந்தேன். உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா இங்க என்னால முடியல. சாப்பாடு இறங்கல. ஏதாவது பொய் சொல்லி லீவு வாங்கு. அம்மாவுக்கு முடியலன்னு எழுது. நீ பெரிய பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னா போதும், நான் எப்படியாவது அங்க வந்து சேர்ந்துடுவேன். நீயே வரணும். அம்மாகிட்ட இதைக் காட்டாதே. அவ்வளவுதான். கீழ பேர் மட்டும் போட்டிருந்துச்சு."

லாரிக்காரர் டம்ளரைத் தரையில் வைத்தார். ரொம்ப மெதுவாக வைத்தார், சத்தம் வராமல். எழுந்தார். மாமாவை அடிக்கப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் என்னைத் தாண்டி, மெத்தையைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாக, வெறுங்காலோடும் ஜூடோ அங்கியோடும் தெருவில் இறங்கி நடந்தார். மாஸ்டர் பின்னாலேயே போனார். கால் மணி நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். "வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டேன். அவர் வீட்டம்மா இருக்காங்க, கூடவே இருப்பாங்க. டாக்டருக்கும் சொல்லிட்டேன்" என்றார்.

லாரிக்காரரின் சட்டையும் கால்சட்டையும் ஆணியில் தொங்கின. கீழே அவருடைய செருப்பு. மாமா போய்ச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். உதறினார். இரண்டு தோள்களையும் சேர்த்துப் பிடித்து, பெஞ்சின் மேல் பரப்பி, கையால் நீவினார். வலதுகை சட்டைப்பையின் வாய்க்குப் போனது. இரண்டு விரல் உள்ளே நுழைந்துவிட்டது.

மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "வைங்க சார். அவர் உயிரோட இருக்கார். அவரே வந்து எடுத்துக்குவார்."

மாமா அப்படியே பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் வீட்டில் பெரிய சண்டை. மாமா சண்டை போடவில்லை. நானும் அக்காவும்தான் அவரை நடுவில் வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டோம்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் நான். "கடிதாசியே இல்லைன்னா அந்த ஆள் பாட்டுக்குத் திருட்டுப்பயன்னு திட்டிக்கிட்டு இருந்திருப்பார். இப்ப சாகுற வரைக்கும் அந்த பஸ் ஸ்டாண்டு அவர் கண்ணு முன்னாடி நிக்கும்."

"கேட்டவருக்குச் சொன்னார். கேட்டா சொல்லக் கூடாதா?" என்றாள் அக்கா.

"சொல்றதுக்கும் ஒரு நேரங்காலம் இல்லையா?"

"பதினோரு வருஷம் பத்தலையாடா?"

மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "இல்லைன்னுதான் இத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருந்தேன் மாப்ளே. அவர் ஒருத்தருக்கு மட்டும் இல்ல. நான் எரிச்சது ஒரு சாக்கு நிறைய வரும். எல்லார் வீட்டுலயும் இப்படித்தான் பெட்டியோட அடித்தட்டைப் பேத்துப் பார்த்துக்கிட்டு இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. நல்லது செய்யறதாத்தான் நினைச்சேன்."

ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. தட்டில் போட்டது தட்டிலேயே இருந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். செவ்வாய்க்கிழமை வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "இனிமே என்ன மூஞ்சியோட" என்று மறுபடி ஆரம்பித்தார். அக்கா கதவருகே வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"சொல்லிட்டீங்க. சரியோ தப்போ, சொல்லியாச்சு. அவருக்கு இன்னும் கேக்கறதுக்கு ஏதாவது இருக்கும். நாளைக்கே இருக்கலாம், ஆறு மாசம் கழிச்சும் இருக்கலாம். அவர் தேடி வரும்போது நீங்க அங்க இல்லைன்னா, யார்கிட்டப் போய்க் கேப்பார்? இந்த உலகத்துல வேற யாருக்குத் தெரியும்?"

மாமா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அப்படித்தான் மறுபடி போக ஆரம்பித்தோம். ஜூடோவுக்காக அல்ல. லாரிக்காரர் வந்தால் இருக்க வேண்டுமே என்பதற்காக. ஜோடிக்கு இப்போது நான். மாமா என் பட்டையைப் பிடிப்பார், கண் மட்டும் கதவுப் பக்கம் இருக்கும். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான் எழுவதற்குள் கதவைப் பார்ப்பார். மற்ற ஐந்து பேரும் மாமாவிடம் முன்பு போலப் பேசவில்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது. அவர்களில் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவருடைய பெட்டி ஞாபகத்துக்கு வந்திருக்கும். கேட்டால் இவர் சொல்லிவிடுவார் என்று தெரிந்த பிறகு, அவர் பக்கத்தில் உட்காரப் பயந்தார்கள். டீ நேரத்தில் மாமாவுக்கும் அவர்களுக்கும் நடுவே இரண்டு ஆள் இடம் காலியாக இருக்கும். ஆணியில் அந்தச் சட்டை மறுபடி தொங்கியது. மாஸ்டர் அதை எடுக்க விடவில்லை.

ஆறாவது வாரம் சனிக்கிழமை லாரிக்காரர் வந்தார். முகம் பாதியாகியிருந்தது. ஷூவைக் கழற்றவில்லை. மெத்தையின் ஓரத்தில், ஷூ முனை மெத்தையில் படாமல் நின்றார். கையில் துவைத்து மடித்த ஜூடோ அங்கி.

மாஸ்டர் மற்றவர்களைப் பார்த்து, "நீங்க பண்ணுங்க" என்றார். யாரும் பண்ணவில்லை.

மாமா அவரிடம் போய் நின்றார். நடுவே இரண்டடி இருக்கும்.

"எழுத்து எப்படி இருந்துச்சு?" என்றார் லாரிக்காரர். "நடுங்கியிருந்துச்சா?"

"இல்ல. நேராத்தான் இருந்துச்சு. கோடு போட்ட தாள். நீல மை."

"அழிச்சு அழிச்சு எழுதியிருந்தானா?"

"ஒரே ஒரு இடத்துல. உன்னைக் குத்தம் சொல்லலங்கிற இடத்துல. முதல்ல வேற ஏதோ எழுதியிருந்துச்சு. அடிச்சுட்டு அதை எழுதியிருந்தார்."

"முதல்ல என்ன எழுதியிருந்தான்?"

"படிக்க முடியல. நல்லா அடிச்சிருந்தார்."

லாரிக்காரர் தலையை ஆட்டினார். பல தடவை ஆட்டினார். "எங்க வச்சு எரிச்சீங்க?"

"பின்பக்கம் ஒரு தகர டிரம் இருக்கும்."

"சாம்பல்?"

"வாரத்துக்கு ஒருதடவை குப்பை வண்டியில போகும்."

"சரி" என்றார். அங்கியை மாமாவின் கையில் கொடுக்கப் போய், மனசு மாறி, மாஸ்டரிடம் கொடுத்தார். ஆணியிலிருந்த சட்டையையும் கால்சட்டையையும் எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். செருப்பைக் கையில் எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அண்ணே, உங்க மேல கோபம் இல்லைன்னு சொல்ல வந்தேன். ஆனா அது பொய். கோபம் இருக்கு. இனிமே உங்க சட்டையை என்னால பிடிக்க முடியாது. பிடிச்சா, நீங்க ரெண்டு தட்டு தட்டினாலும் விடுவேனான்னு எனக்கே தெரியல. அதான் வரல."

"தெரியும்" என்றார் மாமா.

"ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை யோகாவில் மாமா ஒருக்களித்துப் படுக்காமல் மல்லாந்தே படுத்தார். நாலு மூச்சு தாண்டியது, பத்து தாண்டியது. நான் அவர் பக்கத்தில் படுத்திருந்தேன். அவர் கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கி இரண்டு காதுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. ஒட்டகம் பார்த்தார். "இப்ப விளக்குப் பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டு, எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நேரம் முடிந்த பிறகும் யாரையும் எழுப்பவில்லை. அது நல்ல அழுகையா கெட்ட அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகிவிட்டது. மாமா குணமாகிவிட்டார் என்று சொன்னால் அக்காவே ஒத்துக்கொள்ள மாட்டாள். தூக்கம் முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. வேலைக்குப் போகிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமே இல்லாமல் நாள் முழுக்கப் பேச மாட்டார். ஐந்து பேரில் ஒருவர், தன் மச்சினனின் பெட்டியைப் பற்றி ஒருமுறை கேட்டார். மாமா அவரைத் தனியே கூட்டிப்போய், "கண்டிப்பா தெரிஞ்சுக்கணுமா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை அந்த மனிதர் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார்.

லாரிக்காரருக்கு மாஸ்டர் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறார். திங்களும் வெள்ளியும் அவர், செவ்வாயும் சனியும் நாங்கள். ஒரே மெத்தைதான். இதுவரை இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதில்லை.

போன சனிக்கிழமை பயிற்சி முடிந்து வேனில் ஏறி உட்கார்ந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் சாவியைத் திருப்பப் போகும்போது மாமா சொன்னார்:

"மாஸ்டர்கிட்ட அவரைப் பத்திக் கேட்டேன் மாப்ளே. எப்படிப் பண்றார்னு."

"என்ன சொன்னாங்க?"

"வலது பக்கம் நல்லா விழறாராம். இடது பக்கம்தான் இன்னும் முழங்கையை ஊனுறாராம்."

"ஊனினா எலும்பு போயிடுமே."

"அதான் சொல்லிட்டு வந்தேன். முழங்கையைப் பார்க்காதீங்க, தாடையைப் பாருங்க, தாடை உள்ள போனா முழங்கை தானா மடங்கிடும்னு. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்னும் சொல்லிட்டேன்."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.